மிளகு மிதந்த கிணறு

டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர்கள் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், "தண்ணி பிடிக்கிறேங்க" என்பேன். உடனே அவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும். குழாயடியில் குடத்தோடு நிற்பதையெல்லாமா இந்தப் பெண் வேலை என்று சொல்லிக்கொள்கிறாள் என்று அவர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே நினைக்க விடுவேன். அப்புறம்தான் ஸ்கூட்டரின் பின்னால் கட்டியிருக்கும் ஐஸ் பெட்டியைத் திறந்து, சீட்டு ஒட்டி சீல் வைத்த பாட்டில்களைக் காட்டுவேன். "ஓ, லேபா!" என்பார்கள். அதற்கடுத்த பேச்சு அவரவர் வீட்டு போர் தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும். டீ ஆறிப்போகும்.

கடலூரில் இருக்கிறது எங்கள் பரிசோதனைக் கூடம். கிணற்றுத் தண்ணீர், ஆலைக் கழிவுநீர், புகைபோக்கிப் புகை, ஜெனரேட்டர் சத்தம், வயல் மண் என்று எதையும் அளந்து சொல்லுவார்கள். நான் அங்கே வந்து சேர்ந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது. எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்த்தேன். படிப்பு பன்னிரண்டாவதோடு சரி. அவர்கள் ரிப்போர்ட்டுகளை நகல் எடுக்கக் கொடுத்தால், மெஷின் சூடாகும்வரை நின்று படிப்பேன். குளோரைடு என்றால் என்ன, நைட்ரேட் கூடினால் யாருக்கு ஆகாது, கலங்கலை எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்று புரியாததையெல்லாம் ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டுவிட்டு வருவேன். அங்கிருந்த கெமிஸ்ட் என்னைவிட வயதில் சின்னவர், பொறுமைசாலி. ஒருநாள் அவருக்கே அலுத்துப்போய், "இவ்ளோ கேக்குறதுக்கு நீங்க இங்கயே வேலைக்கு வந்துடுங்களேன்" என்றார். நான் நிஜமாகவே வந்துவிட்டேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. போகிற இடத்தில் தண்ணீரோடு சேர்த்து, ஆட்கள் சொல்வதையும் பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன். தேவனாம்பட்டினத்தில் கடலோரம் குனிந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தபோது, மீன் கூடையோடு போன ஓர் அம்மா நின்று பார்த்தார். "ஏம்மா, இதுல உப்பு இருக்குதான்னு பாக்கவா வந்த? என்னக் கேட்டா ஓசியிலயே சொல்லிருப்பேனே" என்றார். மேல்பட்டாம்பாக்கத்தில் நான் கிணற்று நீரில் மீட்டரை விட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தபோது ஒரு விவசாயி, "தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்குறியே, கெணத்துக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். இப்படி நாளைக்கு ஒன்றாவது கிடைக்கும். இதற்கெல்லாம் ஐஸ் பெட்டி வேண்டாம், எத்தனை வருஷமானாலும் கெடாது.

நான் சேர்ந்த புதிதில் தண்ணீர் எங்களைத் தேடி வரும். எண்ணெய் பாட்டில், ஜூஸ் பாட்டில், ஒருமுறை பிள்ளையின் பள்ளிக்கூட வாட்டர் பாட்டில் என்று கையில் கிடைத்ததில் ஊற்றிக்கொண்டு வருவார்கள். அது எந்தக் கிணற்றுத் தண்ணீர், என்றைக்குப் பிடித்தது என்பதெல்லாம் அவர்கள் சொல்வதுதான். இப்போது காலம் அப்படியில்லை. கூடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். கூடத்து ஆளே நேரில் போய்த்தான் பிடிக்க வேண்டும். நின்ற இடம் செல்போன் படத்தில் பதிவாக வேண்டும். கிருமி பார்க்கிற பாட்டில் தனி, உப்பு பார்க்கிற பாட்டில் தனி. ஐஸ் உருகுவதற்குள் கடலூர் திரும்பியாக வேண்டும். கண்ட முடிவை நேராகக் கணினியில் ஏற்றிவிடுவார்கள். ஏறியது ஏறியதுதான், ஒரு புள்ளியை யாரும் நகர்த்த முடியாது. பெரிய ஆலைகளில் புகைபோக்கிக்குள்ளேயே கருவியை மாட்டி, அதுவே சென்னைக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஈயம், பூச்சிமருந்து மிச்சம் எல்லாவற்றையும் முன்னைவிடப் பொடிப்பொடியாக அளக்கச் சொல்கிறார்கள். எந்தக் காலத்திலும் அழியாத ரசாயனம் என்று புதிதாக ஒன்றைக் கேட்கிறார்கள். அதைப் பார்க்கிற மெஷின் எங்களிடம் இல்லை, வெளியூருக்கு அனுப்புகிறோம். "ரிசல்ட்ட விட, ரிசல்ட் எந்த வழியா வந்துச்சுங்கிறதுதான் இப்ப முக்கியம்" என்பார் கெமிஸ்ட். எனக்கு இந்த மாற்றம் பிடித்திருந்தது. வழி முக்கியமானதால்தானே வழியெல்லாம் போகிற வேலை எனக்குக் கிடைத்தது!

இந்தப் புது வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. நாங்கள் வரப்போகிறோம் என்று வாடிக்கையாளருக்கு முந்தின நாளே செல்போனில் தகவல் போய்விடும். அந்தத் தகவல் கீரப்பாளையத்தில் ஒரு வீட்டில் என்ன வேலை செய்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்த வீட்டு அக்கா கடலூர்க்காரர், கிறிஸ்தவர், மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டது கீரப்பாளையத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளையை. அந்தப் பிள்ளையை நான் அண்ணன் என்பேன்; லோடு ஆட்டோ ஓட்டுகிறார். உலகத்தில் உள்ள ஆண்கள் எல்லாருமே அவருக்கு மச்சான்தான். வீட்டில் அவருடைய அம்மாவும் உண்டு. அக்கா கடலூரில் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தார். தினம் போக வர பஸ்ஸிலேயே பாதி உயிர் போனது. இந்த நேரத்தில்தான் சிதம்பரத்தில் பெண்கள் தங்கும் ஒரு விடுதி, ஜூன் மாதம் பிள்ளைகள் வந்ததும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு அக்காவைக் கேட்டது. அவர் கேன்டீன் வேலையை விட்டுவிட்டு, வீட்டுக் கொல்லையில் ஷெட் போட்டு அடுப்பு வைத்துவிட்டார். உணவு உரிமம் மட்டும்தான் பாக்கி. அதற்கு, சமைக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அங்கீகாரம் உள்ள கூடத்தின் ரிப்போர்ட் வேண்டும். ஜூனுக்குள் உரிமம் வராவிட்டால், விடுதி வேறொரு சமையல்காரரைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஆள் ஏற்கெனவே ஒருமுறை விடுதிக்கு வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார். பழைய வேலையிலும் அக்காவின் இடத்தில் ஆள் போட்டாகிவிட்டது.

முதல் தடவை நான் போனபோது மே முதல் வாரம், வெயில் மண்டையைப் பிளந்தது. கொல்லையில் உறை இறக்கிய பழைய கிணறு. கோடையில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது.

"தண்ணி அப்படியே இளநி மாதிரி இருக்கும் தங்கச்சி" என்றார் அக்கா. "இந்தக் கெணத்துத் தண்ணிக்காகத்தான் நான் இந்த ஊட்டுக்கே வாக்கப்பட்டேன்."

"அப்ப எங்க புள்ளக்காவ இல்லியா?" என்றார் மாமியார், கீரை ஆய்ந்தபடி.

"ஒங்க புள்ள கூடவே வந்துச்சு அத்தை. இலவச இணைப்பு."

மாமியார் கீரைத்தண்டை மருமகள் மேல் எறிந்தார். இருவரும் சிரித்தார்கள். எனக்கு அந்த வீடு அப்போதே பிடித்துப்போயிற்று. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாய் முனையைத் தீயில் வாட்டி, கையுறை போட்டுக்கொண்டு பிடித்தேன். மீட்டரில் உப்பின் அளவு கொஞ்சம் தூக்கலாகத்தான் காட்டியது. சோதனை நடக்கிற தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். அதனால் கரிக்கிறதா, இனிக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ரிப்போர்ட் வந்தது. குளோரைடும் கரைந்த உப்பும் வைத்த அளவைத் தாண்டியிருந்தன. மற்றதெல்லாம் தங்கம்.

அக்காவுக்குப் போனில் சொன்னேன். அண்ணன் போனை வாங்கினார். கெமிஸ்ட்டிடம் கொடுக்கச் சொன்னார்.

"மச்சான், ஒங்க மெஷின்ல எதுனா உப்பு பட்டுடுச்சா பாரு. பக்கத்துல யாரும் ஊறுகா வெச்சுச் சாப்டாங்களா?"

"சார், முதல்ல நான் உங்க மச்சான் இல்ல. ரெண்டாவது, லேப்ல யாரும் சாப்பிட மாட்டாங்க."

"சரி மச்சான். கோவப்படாத."

கெமிஸ்ட் கோபப்படவில்லை. அளவு முன்பே தெரிந்த சோதனைத் தண்ணீர் ஒன்றை அன்றைக்கே மெஷினில் விட்டுப் பார்த்தார். மெஷின் சரியாகச் சொன்னது. மறுபடி ஒருமுறை பிடித்து வாருங்கள் என்று என்னை அனுப்பினார். வழக்கம்போல முந்தின நாள் அவர்களுக்குத் தகவல் போயிற்று.

இரண்டாவது தடவை அக்காவின் முகத்தில் இளநீர் இல்லை. ஆனாலும் உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தார். "ரெண்டு நாளு முன்னாடி எறச்சு வெச்சது. குடிச்சுப் பாத்துட்டு நீயே சொல்லு." பானைத் தண்ணீர் சோதனைக்குப் பிடிப்பதில்லையே என்று குடித்தேன். அவர் சொன்னது நிஜம்தான். தொண்டைக்குள் போன பிறகும் நாக்கில் ஒரு தித்திப்பு நின்றது. சொம்பின் மிச்சத்தில் மீட்டரை விட்டேன். எண் சாதுவாக இருந்தது. குழாய்த் தண்ணீரில் விட்டேன், எண் எகிறியது. ஒரே கிணறு, இரண்டு தண்ணீர்! மீட்டரைத் துடைத்துத் துடைத்து மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தேன். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் நாலு தலைகள் கூடிவிட்டன.

"கடல் உள்ள வந்துடுச்சு போல" என்றது ஒரு குரல்.

"கடலு இங்க வர்றதுக்குப் பரங்கிப்பேட்டையத் தாண்டி, பஸ்ஸு மாறி வரணும்யா" என்றது இன்னொன்று.

"பூமிக்குள்ளாற வந்தா பஸ்ஸு எதுக்கு?"

மாமியாருக்கு வந்ததே கோபம். "எங்க கெணத்துல கடலு வந்துச்சுன்னு சொன்னவன், அடுத்த தெருவுல போயி மீனு புடிச்சுக்க!" என்று கத்தி வேலியைக் காலி செய்தார். அப்புறம் கிணற்று விளிம்பில் கை வைத்துக்கொண்டு, எங்களுக்குக் கேட்காதபடி உதட்டுக்குள் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவோ கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். எனக்கு அப்போது அதெல்லாம் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. கவலையில் இருக்கிற வீட்டில் வேறு என்ன செய்வார்கள்?

இரண்டாவது ரிப்போர்ட் முதலாவதை விட மோசம்.

மே பாதியைத் தாண்டிவிட்டது. இந்தத் தடவை அக்காவே போன் செய்தார். "தங்கச்சி, நான் பழைய கேன்டீன்ல போயி வேலை கேக்கட்டா? எதுனா பாத்திரம் கழுவுறதுக்காச்சும் ஆள் வேணும்னு சொல்லுவாங்க." போனை வைத்தேன். கெமிஸ்ட்டிடம் போய் நின்றேன். சொம்பு விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் பேனாவால் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "பானைல நல்லா இருக்கு, குழாய்ல இல்லன்னா, நடுவுல ரெண்டு நாளுல கிணத்துல ஏதோ நடக்குது. இந்தத் தடவை குழாய்ல பிடிக்காதீங்க. மேல்தண்ணி தனியா, அடித்தண்ணி தனியா, கிணத்துக்குள்ளயே இறக்கி எடுத்துட்டு வாங்க" என்றார்.

அதற்கென்று ஒரு சாமான் இருக்கிறது. கனமான இரும்புக் கூண்டில் பாட்டிலை வைத்துக் கயிற்றில் இறக்குவோம்; வேண்டிய ஆழம் போனதும் இன்னொரு கயிற்றைச் சுண்டினால் மூடி திறக்கும். மூன்றாவது தடவை நான் அதை இறக்கும்போது மூன்று பேரும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் லோடு ஆட்டோவைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

முதலில் மேல்தண்ணீர். தூக்கி வெயிலில் பிடித்தேன். பாட்டில் கழுத்தில் கருப்பாக, உருண்டையாக என்னவோ ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல, ஒரு சிறு கூட்டம்.

"பூச்சியா?" என்றார் அண்ணன்.

மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். "பூச்சியில்லண்ணே. மிளகு."

"கெணத்துல எதுக்கு மொளகு? ரசமா வெக்கிறோம்?"

அவர் ஒருவர்தான் சிரித்தார். அக்கா தரையைப் பார்த்தார். மாமியார் வானத்தைப் பார்த்தார். மருமகள் ஏன் தரையைப் பார்க்கிறாள் என்று மாமியாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் வானத்திலிருந்து கண்ணை இறக்கி மருமகளைப் பார்த்தார். மருமகளும் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தார்.

"நீயா?" என்றார் மாமியார்.

"நீங்களுமா?" என்றார் மருமகள்.

அப்புறம் மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. லேபிலிருந்து நாளை வருகிறோம் என்று செல்போன் சொன்னதும், ரிப்போர்ட் நல்லபடியாக வர வேண்டுமே என்று அக்காவுக்குப் பயம் வந்திருக்கிறது. மாதா கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கை வைப்பது அவர்கள் வழக்கம். கடலூர் வரை போக நேரமில்லை. சாயங்காலம் யாரும் பார்க்காதபோது ஒரு பை கல்லுப்பும் ஒரு பிடி மிளகும் கிணற்றிலேயே போட்டு ஜெபம் சொல்லிவிட்டார். மாமியார் பக்கத்திலும் அதே கதைதான். கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டு, உப்பு கரைகிறது போலக் கஷ்டம் கரைய வேண்டும் என்று வேண்டிக்கொள்வது அவர்கள் வீட்டு வழக்கம். மருமகள் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், விடியற்காலையில் எழுந்து கோலம் போடப் போகிற சாக்கில் அவர் பங்குக்கு ஒரு பை போட்டிருக்கிறார். மருமகள் வேற சாமி, சொன்னால் என்ன நினைப்பாளோ என்று அவர் சொல்லவில்லை. மாமியார் என்ன நினைப்பாரோ என்று இவரும் சொல்லவில்லை. முதல் ரிப்போர்ட் மோசமாக வந்ததும் வேண்டுதல் போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டு பேருமே அடுத்தடுத்த தடவை பையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். நடுவில் தினம் இறைத்ததில் பழைய உப்பு போய்விட்டதால்தான் அந்தப் பானைத் தண்ணீர் தித்தித்திருக்கிறது.

"அத்தை, கெணத்துல அடியில இவ்ளோண்டு தண்ணி கெடக்குது. ரெண்டு பை உப்பு கொட்டினா கரிக்காதா?" என்று கேட்டேன்.

"அது வேண்டுதல் உப்பு பாப்பா" என்றார் அவர், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல. "அது எப்படிக் கரிக்கும்?"

இத்தனை வருஷத்தில் நான் பிடித்து வந்த சொற்களில் இதற்கு மேல் ஒன்று கிடையாது.

அண்ணன் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் இரண்டையும் சேர்த்துச் செய்தார். நான் போனை எடுத்து கெமிஸ்ட்டிடம் சொன்னேன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"மேடம்" என்றார் அவர். "மிளகு மிதக்குதுன்னா சொன்னீங்க?"

"ஆமா சார், மேலயே மிதக்குது."

"நல்ல மிளகு தண்ணியில மூழ்கிடும். மிதந்தா அது உள்ள ஒண்ணும் இல்லாத பொக்கு. இல்லன்னா மிளகே இல்ல, பப்பாளி விதை. ஒண்ண நசுக்கிப் பாருங்க."

அண்ணன் ஒன்றை எடுத்து நகத்தால் நசுக்கி மோந்தார். காரமும் இல்லை, மணமும் இல்லை. பப்பாளி விதை.

"அடப்பாவி!" என்றார் மாமியார். உப்பு போட்ட சங்கடமெல்லாம் எங்கே போயிற்றோ, முகம் சிவந்துவிட்டது. "சாமிக்குப் போடுற மொளகுலயே கலப்படமா? எந்தக் கடையில வாங்குன நீ?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில அத்தை."

"நானும் அங்கதான் வாங்குனேன்!"

உரிமம், ரிப்போர்ட் எல்லாம் ஒரு பக்கம் கிடக்க, மாமியாரும் மருமகளும் அந்தக் கடைக்காரரை ஒன்றாகச் சேர்ந்து திட்டத் தொடங்கினார்கள். ஒருவர் முடித்த இடத்தில் இன்னொருவர் எடுத்தார். நான் நடுவில் புகுந்து, "அக்கா, அந்த ஆளு நல்ல மொளகு கொடுத்திருந்தா எல்லாம் அடியில போயிருக்கும். நாம கண்டே புடிச்சிருக்க மாட்டோம்" என்றேன். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்ப மாதாதான் அந்தாளு கையில பப்பாளி வெதையக் குடுத்திருக்காங்க" என்றார். "எங்க அம்மனும்தான்" என்றார் மாமியார்.

கெமிஸ்ட் எங்கள் பேச்சையெல்லாம் போனில் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். கிணற்றை அடிவரை இறைத்துவிடுங்கள், ஊறி வந்த புதுத் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும் என்றார். நடந்தது நடந்தபடியே எழுதிவைப்போம், முதல் இரண்டு ரிப்போர்ட்டையும் மறைக்க மாட்டோம் என்றும் சொன்னார். "மறைக்கவே வேணாம் மச்சான், எங்க ஊட்டு உப்பு ஊருக்கே தெரியட்டும்" என்றார் அண்ணன். அன்றைக்கு மட்டும் கெமிஸ்ட் மச்சான் விஷயத்தில் மறுப்புச் சொல்லவில்லை.

அன்று மதியமே மோட்டார் ஓடியது. உப்புத் தண்ணீரை வயல் பக்கம் விட முடியாது. கொல்லையில் நின்ற தென்னை மரங்களுக்கு மடை திருப்பினார் அண்ணன். "தென்னைக்கு உப்பு வெக்கணும்னு போன மாசத்துலேர்ந்து நெனச்சிட்டிருந்தேன். மாமியாளும் மருமவளும் சேந்து வெச்சுட்டாங்க." அடியில் கரையாமல் கிடந்த கல்லுப்பை, ஏணி வைத்து இறங்கி அவரே அள்ளிப் போட்டார். மேலே வந்தபோது முட்டிவரை சேறு, முகமெல்லாம் சந்தோஷம்.

அடுத்த தடவை நான் போகிற நாளுக்கு கெமிஸ்ட் ஒரு நிபந்தனை போட்டார். தகவல் போனதிலிருந்து பாட்டில் மூடும்வரை மாமியாரும் மருமகளும் கிணற்றுப் பக்கம் வரக் கூடாது. "அப்ப நாங்க ஊட்லயே இருக்க மாட்டோம்" என்றார் மாமியார். முந்தின நாளே இருவரும் ஒன்றாக பஸ் ஏறிவிட்டார்கள். முதலில் கடலூர் மாதா கோயில். இரவு அக்காவின் அம்மா வீட்டில் படுக்கை. மறுநாள் திரும்பும் வழியில் சிதம்பரத்தில் இறங்கி அம்மன் கோயில். இரண்டு இடத்திலும் உப்பு, மிளகு. இந்தத் தடவை மிளகை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு மூழ்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினாராம் மாமியார். மாதா கோயிலில் மெழுகுவத்தியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கையில் சுட்டுக்கொண்டதையும், ஆனாலும் அந்த அம்மா முகம் நம்ம வீட்டு மனுஷி மாதிரி இருக்கிறது என்பதையும் பிற்பாடு என்னிடம் சொன்னார். அம்மன் கோயிலில் மருமகள் தன்னைவிடப் பக்தியாக நின்றாள் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பொறாமை.

அன்று கிணற்றடியில் நான் தனியாக நின்றேன். கயிற்றை இறக்கி இழுத்தேன். மேல்தண்ணீர், அடித்தண்ணீர், குழாய்த் தண்ணீர் மூன்றிலும் மீட்டர் ஒரே எண்ணைச் சொன்னது, பானைத் தண்ணீரைப் போலவே சாதுவாக. ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை கேட்டது. "என்னாம்மா, கடல் திரும்பிப் போயிடுச்சா?"

"போயிடுச்சுங்க. பஸ்ஸு ஏத்தி விட்டாச்சு" என்றேன்.

ரிப்போர்ட் எல்லாக் கட்டத்திலும் தேறிவிட்டது. இதைத் தபாலில் அனுப்ப மனமில்லாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை வாங்கி என்னைக் கட்டிக்கொண்டார். அவர் அழுத ஈரம் என் தோளில் பட்டது. மாமியார் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்; அவருக்குப் படிக்கத் தெரியாது. நேராகச் சாமி மாடத்துக்குக் கொண்டுபோனார்.

இரண்டு நாளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி சமையலறையைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்தது. அக்கா என்னையும் கூப்பிட்டார். "நீ பக்கத்துல நின்னா போதும். எனக்கு வாய் வராது, ஒனக்குதான் மூடாது" என்றார். அதிகாரி வெயிலில் களைத்துப்போய் வந்தார். ஷெட்டைப் பார்த்தார், வடிகாலைப் பார்த்தார், பாத்திரங்களைத் தட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "தண்ணி ரிப்போர்ட்?" என்றார்.

இப்போதெல்லாம் ரிப்போர்ட்டின் ஒரு மூலையில் கட்டம் கட்டமாகக் கருப்பில் ஒரு சதுரம் அச்சடிக்கிறோம். அதிகாரிகள் செல்போனைக் காட்டினால், கணினியில் நாங்கள் ஏற்றிய அசல் அப்படியே திறக்கும். கையில் இருக்கும் தாளை அவர்கள் நம்புவதில்லை. அந்தச் சதுரத்தைத்தான் நம்புவார்கள். மாமியார் ரிப்போர்ட்டை மாடத்திலிருந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். புதுத் துணி, புதுப் பத்திரம் எது வந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் பொட்டு வைப்பது நம் ஊர் வழக்கம். நாலு மூலையிலும் வைத்திருந்தார். அந்தச் சதுரம் இருந்த மூலையிலும்தான். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பொட்டு, நடுவில் குங்குமத்தோடு.

அதிகாரி செல்போனைக் காட்டினார். திறக்கவில்லை. இன்னும் கிட்டே காட்டினார். திறக்கவில்லை. "என்னம்மா இது? தொறக்கலியே" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். மாமியார் பதறி, முந்தானையால் துடைத்தார். மஞ்சள் இன்னும் நன்றாகப் பரவிச் சதுரம் முழுக்கத் தங்கமாயிற்று.

"சார், ஒரு நிமிஷம்" என்று கெமிஸ்ட்டுக்குப் போன் போட்டேன். அவர் அசலை அக்காவின் செல்போனுக்கே அனுப்பிவைத்தார். சதுரம் திரையில் பளிச்சென்று வந்தது. அதிகாரி தன் போனை அதன் முகத்துக்கு நேரே பிடித்தார். டிக் என்றது. அவர் மேலிருந்து கீழே படித்தார். பழைய ரிப்போர்ட்டுகளும் அதில் இருந்தன. அவற்றின் கீழே கெமிஸ்ட் எழுதியிருந்த காரணமும் இருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். மாமியாரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"என் சர்வீஸ்ல உப்பு ஜாஸ்தின்னு சாம்பாரப் பாத்திருக்கேன், பலகாரத்தப் பாத்திருக்கேன். கெணத்த இப்பதாம்மா பாக்குறேன்" என்றார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "தண்ணி நல்லா இருக்கு. ஜூன்ல ஆரம்பிங்க."

அக்கா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அண்ணன் அதிகாரியின் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றி மச்சான்" என்றுவிட்டு நாக்கைக் கடித்தார்.

மாமியாருக்கு மட்டும் ஒரு குறை. தான் வைத்த பொட்டு வீணாகப் போய், ஒரு செல்போன் அல்லவா வேலையை முடித்துவிட்டது! குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, அந்தப் போன இப்பிடிக் குடுங்க. நல்ல சேதி சொல்லியிருக்குது, அதுக்கும் ஒரு பொட்டு வெச்சு விடுறேன்."

அதிகாரி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக் கையால் பொத்திக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.